தாயையும் சேயையும் காத்த ஐடா ஸ்கடர் அம்மையார்

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டால் சிறு பிள்ளையும் வழி சொல்லும். ராணிப்பேட்டை முதல் ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வரை தோல் பதனிடும் ஊர்கள் அனைத்திலும், பிரசவத்தில் சிக்கல் என்றவுடன் வீட்டுப் பெரியவர்கள் வாயில் முதலில் வருவது அந்த ஆஸ்பத்திரியின் பெயர்தான். நம் பங்குக் குடும்பங்களிலும் அங்கே பிறந்தவர்கள் உண்டு. ஆனால் அதன் வாசலில் உள்ள சாலைக்கு ஏன் ஐடா ஸ்கடர் சாலை என்று பெயர் என்று கேட்டால், நம்மில் பலர் சற்று யோசிப்போம். பெயர்ப் பலகையைப் படித்துக்கொண்டே பஸ் ஏறிப் போய்விடுகிறோம்.

அந்த அம்மையார் கத்தோலிக்கர் அல்லர். அமெரிக்காவின் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஆற்காடு மிஷன் குடும்பத்தில் பிறந்தவர். ஆயினும் நம் ஜூபிலி மலரில் அவருக்கு ஓர் இடம் கொடுப்பது முறையே. நம் பாட்டிமார் பிள்ளை பெற்ற காலத்தில் இந்த மாவட்டத்துக் கருவுற்ற தாய்களுக்காக அவரைப் போல் அலைந்தவர் வேறு யாரும் இல்லை.

ஐடா 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் ராணிப்பேட்டையில் பிறந்தார். ஐந்து அண்ணன்மாருக்குப் பின் வந்த ஒரே பெண். தந்தையார் ஜான் ஸ்கடர் மருத்துவர். பாட்டனார் பெயரும் ஜான் ஸ்கடர்தான். அவர் 1819இல் யாழ்ப்பாணம் வந்து, பின்பு சென்னைக்கு மாறி மருத்துவ ஊழியம் செய்தவர். பாட்டனாரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று அந்தக் குடும்பமே மிஷன் வேலைக்கு வந்தது. இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பெண் தானும் அதே வழியில் போக ஆசைப்பட்டிருப்பார் என்றுதான் நாம் நினைப்போம். உண்மை நேர்மாறானது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், எலும்பும் தோலுமாக வந்த குழந்தைகளுக்கு ரொட்டியைப் பிட்டுக் கொடுத்த சிறுமி அவர். அந்தக் காட்சிகள் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. பின்னர் குடும்பம் அமெரிக்கா சென்றது. அங்கே வளர்ந்து நார்த்ஃபீல்டு பள்ளியில் படித்த ஐடா, இந்தியாவுக்கு ஒருபோதும் ஊழியத்திற்குத் திரும்புவதில்லை என்று தீர்மானமாக இருந்தார். படிப்பு, நல்ல திருமணம், வசதியான வீடு என்பதே அவர் கண்ட கனவு. இதில் குறை காண ஒன்றுமில்லை. அந்த வயதுப் பெண் யாரும் காணக்கூடிய கனவே அது.

1890இல் தாயார் நோயுற்றார் என்ற செய்தி வந்தது. தாயாரைக் கவனித்துவிட்டுச் சீக்கிரம் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடு ஐடா திண்டிவனத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கேதான் அந்த இரவு வந்தது.

இரவில் ஒரு பிராமண வாலிபர் வீட்டு வாசலுக்கு வந்தார். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக் கொண்டிருந்தாள். மருத்துவச்சிகள் கைவிட்டுவிட்டார்கள். ஐடா உடனே வரவேண்டும் என்று கெஞ்சினார். தனக்கு வைத்தியம் தெரியாது, தந்தையார்தான் மருத்துவர், அவரை அழைத்து வருகிறேன் என்றார் ஐடா. வேற்று ஆடவர் தன் மனைவியின் அறைக்குள் வருவதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லி அந்த வாலிபர் போய்விட்டார். சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம் அன்பர் வந்தார். அதே வேதனை, அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னோர் இந்து அன்பர் வந்தார். அவரும் டாக்டரை மறுத்துத் திரும்பினார். ஒரே இரவில் மூவர் வந்தனர். டாக்டரோ உள்ளறையில் இருந்தார். அவரைக் கூட்டிப்போக ஒருவரும் சம்மதிக்கவில்லை. பொழுது விடிந்தபோது தெருவில் பறையொலி கேட்டது. விசாரித்து வந்த வேலையாள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்று சொன்னார். ஐடா அறைக்குள் போய் நெடுநேரம் ஜெபித்தார். வெளியே வந்தபோது, தான் மருத்துவம் படிக்கப் போவதாகப் பெற்றோரிடம் தெரிவித்தார்.

அந்தக் கணவன்மாரைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிடுவது எளிது. அது சரியல்ல என்பது என் கருத்து. அவர்கள் இரவில் அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டிக் கெஞ்சியவர்கள். ஊர்க் கட்டுப்பாட்டை மீறத்தான் அவர்களால் முடியவில்லை. கோஷா முறை நிலவிய வீடுகளுக்குப் பெண் மருத்துவர் தேவை என்பது அரசுக்கும் தெரிந்த சங்கதிதான். சென்னையில் 1885இலேயே பெண்களுக்கென்று கோஷா ஆஸ்பத்திரி தொடங்கப்பட்டிருந்தது. ஆனால் திண்டிவனத்தில் நடுநிசியில் வலியெடுத்தவளுக்குச் சென்னை ஆஸ்பத்திரியால் என்ன பயன்?

ஐடா அமெரிக்கா சென்று பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் பல்கலைக்கழகம் தன் மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதும் அங்கே மாறி, 1899இல் பட்டம் பெற்றார். அங்கே தேறிய முதல் பெண்களில் அவரும் ஒருவர். புறப்படுமுன் வேலூரில் பெண்கள் மருத்துவமனை கட்ட நிதி திரட்டும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. நியூயார்க் நகரில் ஒரு வீட்டில் அவர் இதைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்ததை, அடுத்த அறையிலிருந்த ஷெல் என்ற வங்கி அதிபர் கேட்டுக்கொண்டிருந்தார். காலஞ்சென்ற மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அந்தப் பெண்மணியின் பெயரால் அமைந்ததே மேரி டேபர் ஷெல் மருத்துவமனை. ஆரணி சாலையில் நாம் ஷெல் கண் ஆஸ்பத்திரி என்று அழைப்பது அதைத்தான்.

1900ஆம் ஆண்டு முதல் நாள் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார். அனுபவம் மிக்க தந்தையாரின் அருகிலிருந்து தொழில் பழகலாம் என்று வந்தவருக்கு அந்த வாய்ப்பு நெடுநாள் இல்லை. அதே ஆண்டில் தந்தையார் காலமானார். பங்களாவில் ஒரு சிறிய அறையே மருந்தகம். ஒரே படுக்கை. சலோமி என்ற உள்ளூர்ப் பெண் உதவியாள். இரண்டே ஆண்டில் 5,000 நோயாளிகளை அங்கே பார்த்தார். 1902இல் 40 படுக்கைகளோடு ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

அக்காலத்தில் பச்சிளங்குழந்தை மருத்துவம் என்று தனித் துறை கிடையாது. தாய்க்குப் பிரசவம் பார்த்தவரே சேயையும் பார்க்க வேண்டும். இக்காலத் தாய்மாருக்கு அந்த நிலையைக் கொஞ்சம் விளக்கிச் சொல்வது நல்லது. பிறந்தவுடன் அழாத குழந்தை, எடை குறைந்த குறைமாதக் குழந்தை, உடல் சில்லிட்டுப்போன குழந்தை ஆகியவை பிழைப்பது அபூர்வம். நன்றாகப் பிறந்த குழந்தைக்கும் ஆபத்து காத்திருந்தது. தொப்புள்கொடியை அரிவாளாலோ மூங்கில் சீவலாலோ அறுத்து, புண்ணின்மேல் சாம்பலையோ சாணத்தையோ வைப்பது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. ரணஜன்னிக் கிருமி மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் இருப்பது. அது அந்தப் புண் வழியே உள்ளே போகும். ஒரு வாரத்துக்குள் குழந்தை பால் குடிப்பதை நிறுத்தும், தாடை இறுகும், உடம்பு வில்லாக வளையும். காற்று கருப்பு என்று மந்திரிக்கக் கொண்டு போவார்கள். கொதிக்க வைத்த நீர், கழுவிய கை, சுத்தமான கத்தி, சுத்தமான நூல் இவை இருந்தால் பெரும்பாலும் தடுக்கக்கூடிய சாவு அது. பின்னாளில் கருவுற்ற தாய்க்குப் போடும் தடுப்பூசியும் வந்தது. இவ்வளவு இருந்தும், தாய்க்கும் சேய்க்கும் வரும் ரணஜன்னி ஒழிக்கப்பட்ட நாடுகளின் வரிசையில் இந்தியா சேர்ந்தது 2015ஆம் ஆண்டில்தான். மருத்துவச்சியைக் குறை கூறுவதில் அர்த்தமில்லை. கழுவிய கையின் அருமையை அவளுக்கு எடுத்துச் சொன்னவர் எவருமில்லை.

ஆஸ்பத்திரி கட்டி அமர்ந்தால் போதாது என்பதை ஐடா சீக்கிரமே கண்டார். பல மைல் தூரம் மாட்டு வண்டியில் கொண்டு வரும்போது பாதி வழியிலேயே தாய்மார் இறந்தனர். ஆகவே வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் அவரே புறப்பட்டார். மரத்தடிகளில் நோயாளிகள் கூடியிருப்பார்கள். அங்கேயே மருந்தும் கட்டும் நடக்கும். 1909இல் பெஜோ என்னும் பிரெஞ்சுக் கார் ஒன்று வந்தது. அதைக் கண்டு கிராமத்தார் ஓட்டம் பிடித்தார்களாம். அதே ஆண்டில் டீலியா ஹௌட்டன் என்ற செவிலியர் துணையுடன் செவிலியர் பயிற்சியும் தொடங்கிற்று. இந்தப் பயிற்சிப் பள்ளி 1946இல் பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது.

அடுத்த படி எதுவென்பதை அந்தச் சாலைப் பயணங்களே அவருக்குக் காட்டின. இரண்டு கைகள், ஒரு கார், எண்ணற்ற கிராமங்கள். தான் ஒருத்தி ஓடியாடி எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும்? இந்நாட்டுப் பெண்களே மருத்துவர்களாக வேண்டும். சென்னை மாகாண மருத்துவத் துறைத் தலைவர் நம்பிக்கை இல்லாமலேயே அனுமதி கொடுத்தார். பெண்கள் விண்ணப்பிக்க மாட்டார்கள் என்பது அவருடைய எண்ணம். விண்ணப்பங்களோ இடத்தைவிட அதிகமாக வந்தன. 1918ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் பெண்களுக்கான மிஷன் மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. ஓர் எலும்புக்கூடு, ஒரு நுண்ணோக்கி, இரண்டு புத்தகங்கள் இவற்றோடு தொடங்கியதாக இன்றும் அங்கே சொல்வார்கள். உடற்கூறு பாடத்தை ஐடாவே நடத்தினார். ஆண்கள் பள்ளிகளில் பெரும்பாலோர் தவறிய அரசுத் தேர்வில் வேலூர்ப் பெண்கள் தேறி வியப்பூட்டினர். 1922இல் 14 பேர் படிப்பை முடித்து வெளியேறினர்.

நம் திருச்சபையின் நிலையையும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அக்காலத்தில் கன்னியர் பிரசவம் பார்ப்பதற்குத் திருச்சபைச் சட்டத்தில் தடை இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து 1920இல் குண்டூர் வந்த மருத்துவரான அருட்சகோதரி மேரி குளோரி, பாப்பரசரின் தனி அனுமதி பெற்றுத்தான் வைத்தியம் செய்தார். 1936இல்தான் ரோமாபுரி அந்தத் தடையைப் பொதுவாக நீக்கியது. அதுவரை நம் சபைக் கன்னியர் பெரும்பாலோர் நுழைய முடியாத பேறுகால அறைக்குள், ஐடாவும் அவருடைய மாணவிகளும் நுழைந்து வேலை செய்தார்கள்.

வயது எழுபதை நெருங்கும்போது வந்தது பெரிய சோதனை. இனிப் பட்டயப் படிப்பு வேண்டாம், பல்கலைக்கழகப் பட்டமே வேண்டும் என்று 1938இல் சென்னை அரசு முடிவெடுத்தது. அரசைத் தவறென்று சொல்ல முடியாது. ஏழைக்கு ஒரு தரம், பணக்காரருக்கு ஒரு தரம் என்று இருக்கலாகாது. ஆனால் வேலூரிலிருந்தது பட்டயப் பள்ளி. பட்டப்படிப்பு என்றால் உயர் பட்டம் பெற்ற பேராசிரியர்கள், ஆய்வுக்கூடங்கள், மேலும் பல படுக்கைகள் வேண்டும். இல்லாவிட்டால் பள்ளியை மூட வேண்டியதுதான். 1941இல், எழுபது வயதில், ஐடா அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி கேட்டார்.

பெண்களுக்கு மட்டும் என்றால் போதிய பணம் திரளவில்லை. மிஷன்கள் அனைத்தும் சேர்ந்து ஆண், பெண் இருபாலருக்கும் ஒரே கல்லூரி நடத்துவது என்றால் வழி பிறக்கும். இங்கேதான் அவர் மனம் கிழிந்தது. பெண்களுக்குப் பெண்களே என்பதற்காகத்தான் திண்டிவனத்தில் தன் வாழ்வைக் கொடுத்தார். பெண்களின் பெயரால்தான் அதுவரை நிதி வந்தது. அந்த நிதியைத் திரட்டுவதில் முன்னின்ற லூசி பீபாடி என்ற அமெரிக்க அம்மையார், ஆண்களைச் சேர்ப்பது காணிக்கை கொடுத்த பெண்களுக்குச் செய்யும் துரோகம் என்று உறுதியாக எதிர்த்தார். அவர் ஐடாவின் நெருங்கிய தோழி. ஐடாவும் முதலில் தயங்கினார். கல்லூரி இல்லையென்றால் மருத்துவச்சியின் கைக்கே தாய்மாரைத் திருப்பிக் கொடுத்ததாகும் என்பதை எண்ணி, முடிவில் ஆண்களைச் சேர்க்க இசைந்தார். நெடுங்கால நட்பு அதோடு முறிந்தது. கல்லூரி 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பைத் தொடங்கியிருந்தது. 1947இல் ஆண் மாணவர்களும் வந்து சேர்ந்தனர். பெண்களுக்கென்று எழுந்த வீட்டை அவர் பிறருக்கும் திறந்துவிட்டது தோல்வி என்று சொல்வாரும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1946இல் ஐடா ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற டாக்டர் ஹில்டா லாசரஸ், விசாகப்பட்டினத்தில் பிறந்த மகப்பேறு மருத்துவர். அந்த நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநர். இந்நாட்டுப் பெண்ணின் கையில் சாவியைக் கொடுத்ததில் ஐடாவுக்கு மிகுந்த மனநிறைவு இருந்திருக்கும். வேலூரில் இன்னோர் ஐடா ஸ்கடரும் இருந்தார் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அவர் அண்ணன் மகள். எக்ஸ்ரே துறை மருத்துவர்.

ஓய்வுக்குப் பின் ஐடா கொடைக்கானலில் மலையுச்சி வீட்டில் வாழ்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1960ஆம் ஆண்டு மே மாதம், தம் 89ஆம் வயதில், அங்கேயே காலமானார். 2000ஆம் ஆண்டில், அந்த ஒற்றைப் படுக்கை மருந்தகத்தின் நூற்றாண்டில், இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றும் தனிப் பிரிவு இன்று அவர் தொடங்கிய ஆஸ்பத்திரியில் இயங்குகிறது. 2022 முதல் ராணிப்பேட்டையை அடுத்த கன்னிகாபுரத்திலும் அதன் புதிய வளாகம் நடக்கிறது. ஐடா பிறந்த ஊருக்குப் பக்கம்தான்.