இளைஞர்களை நம்பிய புனித சவேரியார்



நம் பெற்றோர் பலருடைய மனத்தை அரிக்கும் கேள்வி ஒன்று உண்டு. புதுநன்மை நாளன்று பீடத்தைச் சூழ்ந்து நிற்கும் பிள்ளைகள், உறுதிபூசுதல் பெற்ற பின் எங்கே போய்விடுகிறார்கள்? இதற்கு விடை தேடுவோர் புனித பிரான்சிஸ் சவேரியாரின் வாழ்வை நினைத்துப் பார்ப்பது நலம்.

சவேரியார் ஸ்பெயினில் உள்ள நவார் நாட்டில் 1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் உயர்குடியில் பிறந்தார். 19 வயதில் பாரிஸ் மாநகருக்குப் படிக்கச் சென்றார். பட்டமும் பதவியும் புகழுமே அவர் நாடியவை. ஓடுவதிலும் தாண்டுவதிலும் வல்லவர். 1529-இல் புனித பார்பரா கல்லூரியில் அவர் அறைக்கு இஞ்ஞாசியார் வந்து சேர்ந்தார். வயதில் மூத்தவர், கால் ஊனமுற்றவர், பிச்சையெடுத்துப் படித்தவர். அவரைச் சவேரியார் பொருட்படுத்தவில்லை. இஞ்ஞாசியாரோ கோபிக்கவில்லை, கைவிடவும் இல்லை. சவேரியார் ஆசிரியரானபோது அவர் வகுப்புக்கு மாணவர்களைச் சேர்த்துவிட்டார். பணமுடை வந்தபோது உதவினார். ஆண்டுகள் சில சென்றபின் அந்த இளைஞரின் உள்ளம் கனிந்தது. 1534 ஆகஸ்டு 15 அன்று இருவரும் தோழர் ஐவருடன் இறைவனுக்கு வார்த்தைப்பாடு கொடுத்தனர்.

1542 மே 6-ஆம் நாள் கோவாவில் வந்திறங்கிய சவேரியார், அவ்வாண்டின் இறுதிக்குள் நம் முத்துக்குளித்துறையை அடைந்தார். அங்கே பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். ஆயினும் செபம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. தமிழ் அறிந்தவர்களின் துணையோடு செபங்களை மொழிபெயர்த்து மனப்பாடம் செய்தார். கையில் மணியுடன் தெருத்தெருவாக நடந்து, நாளுக்கு இரு வேளை சிறுவர் சிறுமியரைக் கூட்டினார்.

அவர் அதோடு நிற்கவில்லை. கற்றதை வீட்டில் தாய் தந்தையருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பிக்கும் பொறுப்பை அப்பிள்ளைகளிடமே ஒப்படைத்தார். தம்மால் போக முடியாத நோயாளிகளின் வீடுகளுக்குத் தம் சிலுவையைக் கொடுத்து அவர்களையே அனுப்பினார். கேட்க வந்தவர்கள் போதிப்பவர்களானார்கள்.

1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில், பாரிஸ் பல்கலைக்கழக மாணவர்களை எண்ணி வருந்தினார். கற்ற கல்வியைக் கொண்டு பிறருக்கு என்ன செய்யப் போகிறோம் என்று அவர்கள் சிந்திக்கவில்லையே என்பதே அவருடைய ஏக்கம். 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரைக்கு எதிரேயுள்ள தீவில் தமது 46-ஆம் வயதில் உயிர்நீத்தார். திருச்சபை 1622-இல் அவரைப் புனிதராக உயர்த்தியது.

அவருடைய ஏக்கம் நம் மண்ணுக்கு அந்நியமானதன்று. 1947-இல் தோன்றிய காந்திகிராமமும் கல்வி கிராமத் தொண்டாக வேண்டும் என்ற நோக்கோடு எழுந்ததே. இங்கே படிக்க வரும் பிள்ளைகளையும், வேலை தேடித் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்த் திருநாளுக்கு மட்டும் திரும்பும் பிள்ளைகளையும் நாம் எவ்வாறு நடத்துகிறோம்? நாற்காலி அடுக்கவும் தோரணம் கட்டவும் மட்டுமே அழைத்தால், விழா முடிந்ததும் அவர்கள் போய்விடுவார்கள். ஞானோபதேச வகுப்பையும், நோயாளிகளைச் சந்திக்கும் பணியையும், பங்குப் பேரவையில் பேசும் உரிமையையும் கொடுத்துப் பார்ப்போம். தவறினால் இஞ்ஞாசியாரைப் போல் பொறுத்திருப்போம்.

புனித சவேரியாரே, எங்கள் இளைஞர்களுக்காக வேண்டிக்கொள்ளும்.