சிறையிலும் செவிலியர்: ரீபா விட்டில்

1944 செப்டம்பர் 27. இங்கிலாந்திலிருந்து ஒரு சி-47 விமானம் பெல்ஜியம் நோக்கிப் புறப்பட்டது. போரில் காயமடைந்த வீரர்களை ஏற்றி வருவது அதன் நோக்கம். அதில் சென்ற ஒரே பெண், அமெரிக்க விமானப்படையில் பணியாற்றிய செவிலியர் ரீபா விட்டில்.

1919இல் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்த ரீபா, செவிலியர் படிப்பை முடித்து 1941இல் ராணுவச் செவிலியர் படையில் சேர்ந்தார். பிறகு விமானப் பணிக்குத் தாமாக முன்வந்து, கென்டக்கியில் பயிற்சி பெற்றார். அந்த விமானங்களில் பெரும்பாலும் மருத்துவர் இருப்பதில்லை. நடுவானில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால் என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியவர் செவிலியரே. அத்தகைய 40 பயணங்களை அவர் முடித்திருந்தார்.

பிள்ளைகளே, நோயாளிகளை ஏற்றும் விமானத்தைச் சுடலாமா என்று நீங்கள் கேட்கலாம். போகும்போது அவை போர்ச் சரக்கைக் கொண்டுசென்றன. திரும்பும்போதுதான் நோயாளிகளை ஏற்றின. ஆகவே அவற்றில் செஞ்சிலுவைச் சின்னம் இடப்படவில்லை. இந்த ஆபத்தை அறிந்தே செவிலியர்கள் ஏறினார்கள்.

அன்று ஜெர்மனியின் ஆகன் நகருக்கு அருகே அந்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. தலையிலும் முதுகிலும் காயமடைந்த ரீபா சிறைபிடிக்கப்பட்டார். பெண் கைதியை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜெர்மானியர் திகைத்தனர். இறுதியில் ஒரு சிறைமுகாம் மருத்துவமனைக்கு அனுப்பினர். அங்கே தம் வலியைப் பொறுத்துக்கொண்டு, தீக்காயம் பட்ட கைதிகளுக்கும் கைகால் இழந்தவர்களுக்கும் பணிவிடை செய்தார். தம் சிறை நாட்களைக் குறிப்பேட்டில் எழுதியும் வந்தார்.

1945 ஜனவரியில் விடுதலை கிடைத்தது. காயமடைந்தோருக்கான பர்ப்பிள் ஹார்ட் விருதும், வான்படைப் பணிக்கான ஏர் மெடலும் அளிக்கப்பட்டன. ஆனால் காயங்களின் விளைவால் அவரால் மீண்டும் விமானப் பணிக்குச் செல்ல முடியவில்லை. அவ்வாண்டே திருமணம் செய்து, இரு ஆண் மக்களை வளர்த்தார். முதுகுவலியும் போர் நினைவுகளும் அவரை விடவில்லை. அவர் போர்க்கைதியாக இருந்தார் என்பதையே அரசு முறைப்படி ஏற்கவில்லை. உதவி கேட்டு எழுதிய விண்ணப்பங்கள் பலமுறை மறுக்கப்பட்டன.

1981இல் புற்றுநோயால் ரீபா காலமானார். அவருடைய கணவர் விடாமல் முயன்றார். 1983இல் போர்க்கைதி என்ற அங்கீகாரம் வந்தது. அதைக் கேட்க அவர் இல்லை.

பிள்ளைகளே, மருத்துவமனையில் உங்களைக் கவனிக்கும் செவிலியருக்கு அன்றே நன்றி சொல்லுங்கள். ரீபாவுக்குச் சேரவேண்டிய நன்றி இரண்டு ஆண்டுகள் பிந்திவிட்டது.