பி.ரம்லியை நாயகனாக்கிய தமிழர், ஓரங்கட்டிய கித்தார் அலை

செந்தூலுக்கு அடுத்துள்ள செத்தாப்பாக்கில், ஜாலான் டெடாப்பில் ஒரு சாதாரண வீடு இருக்கிறது. மலாய்த் திரையுலகின் மாபெரும் கலைஞர் பி.ரம்லி தம் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு அது. 1986 முதல் நினைவகமாக உள்ளது. செந்தூல்வாசிகளில் பலர் அவ்வழியே நூறு முறை போயிருப்பார்கள். உள்ளே போனவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

ரம்லி நம்மவர்களுக்கும் அந்நியர் அல்லர். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், எம்.ஜி.ஆர், சிவாஜி படங்களுக்கு நடுவே அவர் படத்தையும் லயத்து மக்கள் சிரித்து ரசித்தார்கள். பிற்பாடு தொலைக்காட்சியில் பூஜாங் லாப்போக் படம் போட்டால் வீடே கூடி உட்கார்ந்தது. ஆனால் அவரை முதன்முதலில் கதாநாயகனாக்கியவர் ஒரு தமிழர் என்பதை இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

1929 மார்ச் 22ஆம் தேதி பினாங்கில் பிறந்தவர் ரம்லி. இயற்பெயர் தெயுக்கு சக்காரியா. தந்தை தெயுக்கு ஞாக் பூத்தே, சுமத்திராவின் ஆச்சே பகுதியிலிருந்து வந்தவர். தாயார் பட்டர்வொர்த் பக்கத்தைச் சேர்ந்தவர். தந்தையின் பெயரிலுள்ள பூத்தேதான் மகனின் முதலெழுத்தானது. கம்போங் ஜாவா மலாய்ப்பள்ளி, பிரான்சிஸ் லைட் பள்ளி, பினாங்கு பிரீ ஸ்கூல் என்று படிப்பு போனது. ஜப்பான்காரன் காலம் வந்து அதை நடுவில் வெட்டியது. உக்குலேலே, கித்தார், வயலின், பியானோ என ஒவ்வொன்றாகக் கைவசப்பட்டன. 1947இல் மலாயா வானொலி நடத்திய பாட்டுப் போட்டியில் வடபகுதியின் சிறந்த பாடகராகத் தேர்வானார்.

1948 ஜூன் மாதம் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு விழா மேடையில் ரம்லி பாடிக்கொண்டிருந்தபோது, அதைக் கேட்டவர்களில் பி.எஸ்.ராஜ்ஹான்ஸும் ஒருவர். இந்தியாவிலிருந்து வந்து, மலாய்ப் படத்துறைக்கு அடித்தளம் போட்ட இயக்குநர் அவர். அவர் அழைப்பின்பேரில் ஆகஸ்டு மாதம் 19 வயது ரம்லி சிங்கப்பூருக்கு ரயிலேறினார். (மலாயா ரயில்வேயின் எஞ்சின்களும் பெட்டிகளும் பழுது பார்க்கப்பட்டது நம் செந்தூல் பட்டறையில்தான் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.) போய்ச் சேர்ந்த இடம் ஜாலான் அம்பாஸ். அங்கே ஷா சகோதரர்களின் மலாய் படப்பிடிப்புத் தளம் இருந்தது.

முதல் படமான ‘சிந்தா’வில் அவருக்குக் கிடைத்தது வில்லன் பக்கத்துச் சிறு வேடம். கூடவே கதாநாயகனுக்குப் பின்னணிக் குரல். பாடத் தெரிந்தவர் திரைக்குப் பின்னால், முகம் உள்ளவர் திரையில். அன்றைய வழக்கம் அது.

இந்த வழக்கத்தை மாற்றியவர்தான் எல்.கிருஷ்ணன். சென்னையில் பிறந்து, சிறு பிள்ளையாகப் பினாங்கு வந்து வளர்ந்தவர். போருக்குப் பின் சென்னை சென்று படத்தொழில் கற்று, மீண்டும் இப்பக்கம் வந்து ஷா நிறுவனத்தில் இயக்குநரானார். 1950இல் அவர் எடுத்த படத்தின் பெயர் ‘பக்தி’. மலாயில் சேவை, கடமை என்று பொருள்படும் அந்தச் சொல் நமக்கு விளக்கம் தேவைப்படாத சொல். அந்தப் படத்தில் ரம்லிதான் கதாநாயகன். ஒல்லி உடம்பு, பரு வடுக்கள் உள்ள முகம். நாயகனுக்குரிய தோற்றம் இவரிடம் இல்லை என்ற எண்ணம் படத்தளத்தில் இருந்தது. கிருஷ்ணன் அதைப் பொருட்படுத்தவில்லை. ரம்லி தம் சொந்தக் குரலிலேயே பாடி நடித்தார். குரலும் முகமும் ஒரே ஆளிடம் சேர்ந்தபோதுதான் மக்கள் அவரை முழுதாகப் பார்த்தார்கள்.

ராஜ்ஹான்ஸ், கிருஷ்ணன், எஸ்.இராமநாதன், கே.எம்.பாஸ்கர், பி.என்.ராவ், வங்காளத்து பணி மஜும்தார் என, அக்கால மலாய்ப் படங்களின் இயக்குநர் நாற்காலியில் இந்தியர்களே அமர்ந்திருந்தார்கள். கதைகளும் பெரும்பாலும் இந்தியப் படங்களின் சாயலில் வந்தவை. பாட்டு எங்கே வரவேண்டும், கண்ணீர் எங்கே வரவேண்டும் என்ற கணக்கை ரம்லி இவர்களிடம் கூட இருந்து கற்றார். கற்றதை அப்படியே வைத்துக்கொள்ளாமல் மலாய்க் கம்பத்து வாழ்க்கைக்குத் திருப்பியதுதான் அவர் திறமை. 1955இல் முதன்முதலாகத் தாமே இயக்கிய ‘பெனாரிக் பேச்சா’வில் நாயகன் ஓர் ஏழை சைக்கிள் ரிக்‌ஷாக்காரன், நாயகி பணக்கார வீட்டுப் பெண். நம் ஊர்த் தெருவில் நடக்கும் கதை. படம் வெற்றி பெற்றது. அதன்பின் மலாய்க்காரர்களே இயக்குநர்களாகும் வழி திறந்தது. இந்திய இயக்குநர்களின் காலம் மெல்ல முடிவுக்கு வந்தது. குருவின் இடத்தைச் சீடன் பிடித்த கதைதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த சில ஆண்டுகள் அவருக்குப் பொற்காலம். 1957இல் தோக்கியோ ஆசியத் திரைப்பட விழாவில் ‘அனாக்கு சசாலி’க்காகச் சிறந்த நடிகர் விருது. அதில் தந்தையும் அவரே, மகனும் அவரே. ‘பெண்டேகார் பூஜாங் லாப்போக்’, ‘நுஜும் பாக் பெலாலாங்’ இரண்டும் சிறந்த நகைச்சுவைப் படங்களுக்கான விருதுகளை வாங்கின. அதே 1957இல் படத்தளத்தில் தொழிலாளர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டபோது கலைஞர் சங்கத்தின் தலைவராக இருந்து வேலைநிறுத்தத்தில் முன்னின்றதும் இவரே. 1961இல் பாடகி சலோமாவை மணந்தார். 1962இல் ஏ.எம்.என். விருது கிடைத்தது.

1964இல் கோலாலம்பூருக்கு வந்தார், உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா படத்தளத்திற்கு. சரிவு அங்கிருந்து தொடங்குகிறது.

மெர்டேக்காவில் சிங்கப்பூர் அளவுக்கு வசதி இல்லை. படத்துக்கு ஒதுக்கிய பணமும் குறைவு. இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த காலமானதால் பெரிய சந்தை ஒன்று மூடப்பட்டிருந்தது. 1963 டிசம்பரில் தொடங்கிய தொலைக்காட்சி வீடு வீடாக நுழைந்துகொண்டிருந்தது. தமிழ், இந்திப் படங்கள் வண்ணத்தில் வந்தபோது மெர்டேக்காவில் ரம்லி கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்துக்கொண்டிருந்தார். இவை எல்லாவற்றுக்கும் மேலாகக் கித்தார் வந்தது.

பீட்டில்ஸ் இசைக்குழுவின் அலை உலகைச் சுற்றியபோது மலாயாவையும் விட்டுவைக்கவில்லை. அவர்கள் பாட்டில் வரும் ‘யே யே’ கூவலையே பெயராக வைத்து இங்கே ‘பாப் யே யே’ பிறந்தது. எம்.உஸ்மான், ஏ.ரம்லி, ஜெப்ரிடின் என்று புதிய பெயர்கள் இளைஞர்கள் வாயில் புரண்டன. மூன்று கித்தாரும் ஒரு டிரம் செட்டும் இருந்தால் எந்தக் கம்பத்திலும் ஒரு குழு. வயலினும் அக்கார்டியனும் கலந்த ரம்லியின் மெட்டுகள் திடீரென்று அப்பா காலத்துப் பாட்டாகிவிட்டன. அவருக்கு அப்போது வயது 35தான்.

ரம்லிக்கு அந்த இசை தெரியாது என்று நினைத்தால் தவறு. சிங்கப்பூரை விட்டுப் புறப்படும் ஆண்டில் வந்த ‘திகா அப்துல்’ படத்தில் ‘பூன்யி கித்தார்’ என்றொரு துள்ளல் பாட்டு உண்டு. டுவிஸ்ட் ஆட்டத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும் மெட்டு. இன்றும் கல்யாண வீட்டு மேடைகளில் அதை வாசிக்கிறார்கள். ‘மாசாம் மாசாம் மானிஸ்’ படத்தில் பகலில் பள்ளி ஆசிரியராகவும் இரவில் கேளிக்கை விடுதிப் பாடகராகவும் வந்து, வகுப்பில் தூங்கி வழிவார். புதிய இசையைக் கேலி செய்யவும் தெரியும், அதைவிட நன்றாகப் போடவும் தெரியும். ஆனால் ரசிகர்கள் ஒருவரை ஒரு காலத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டால் பிறகு அவிழ்ப்பது கடினம்.

இந்த வறண்ட காலத்தில்தான் நம்மவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய படம் ஒன்றை எடுத்தார். 1968இல் வந்த ‘கெரிமிஸ்’, பொருள், தூறல். மலாய் ஓவியராக ரம்லி, இந்திய நடனமணி லீலாவாக சந்திரா சண்முகம். இருவரும் காதலித்து மணக்கிறார்கள். இரு குடும்பமும் ஏற்கவில்லை. பிறகு வறுமை, மனக்கசப்பு. வெவ்வேறு இனத்தவர் மணம் செய்யும் கதையை, இரு தரப்புப் பெற்றோரின் பிடிவாதத்தையும் மறைக்காமல், இந்தியப் பெண்ணைக் கேலிப் பாத்திரமாக்காமல் சொன்னது அன்றைக்குத் துணிச்சல்தான். அடுத்த ஆண்டே மே 13 கலவரம் வந்தது என்பதை நினைத்தால் அந்தப் படத்தின் கனம் கூடும். ரம்லியின் சிறந்த படங்கள் என்று பேசும்போது பலர் சிங்கப்பூர்ப் படங்களோடு நின்றுவிடுகிறார்கள். ‘கெரிமிஸ்’ அந்த வரிசையில் உட்காரத் தகுந்த படம்.

அதே 1968இல் லண்டனில் பீட்டில்ஸ் குழுவினரின் வாழ்க்கை வரலாற்றை ஹண்டர் டேவிஸ் எழுதி வெளியிட்டார். பாடகர்கள் இருபதுகளில் இருக்கும்போதே கனமான புத்தகம். மேல்நாட்டில் ராக் இசைக்காரர்களின் கதை அப்படி உடனுக்குடன் அச்சேறியது. இங்கே நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு மெட்டமைத்து, அறுபதுக்கு மேற்பட்ட படங்களில் நடித்தவரின் கதையை முழுதாக எழுத அன்று யாருக்கும் அவசரம் இல்லை.

1971இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்த தேசியப் பண்பாட்டு மாநாட்டில், மலாய் மரபிசையை எப்படிக் காப்பது, எப்படி வளர்ப்பது என்று ரம்லி கட்டுரை படித்தார். 1972இல் வெளிவந்த ‘லக்சமானா டோ ரே மி’ கடைசிப் படமாயிற்று. தாமே ஒரு வண்ணப் படம் இயக்கும் ஆசை கைகூடவில்லை. படங்களின் உரிமை அவர் கையில் இல்லை. செத்தாப்பாக் வீட்டில் பணத் தட்டுப்பாடு இருந்தது. கையில் ஒரு பாட்டு மிச்சமிருந்தது. ‘ஆயர் மாதா டி கோலாலம்பூர்’, கோலாலம்பூரில் கண்ணீர் என்று பெயர்.

1973 மே 29ஆம் தேதி மாரடைப்பு. வயது 44. ஜாலான் அம்பாங் முஸ்லிம் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

மரியாதைகள் பிறகு வரிசையாக வந்தன. நகர மையத்தில் ஜாலான் பேரி, ஜாலான் பி.ரம்லி ஆனது. 1990இல் டான்ஸ்ரீ விருது. அதே ஆண்டு ஷீலா மஜித் அவர் பாடல்களை நவீன இசையில் பாடி ‘லெகெண்டா’ என்ற தொகுப்பை வெளியிட, டுவிஸ்டுக்காக அவரை ஒதுக்கியவர்களின் பிள்ளைகள் அதை வாங்கினார்கள். அரசாங்கத் தலைமைச் செயலாளராக இருந்த அகமட் சார்ஜி 1999இல் ‘பி.ரம்லி: எர்தி யாங் சக்தி’ என்ற பெரிய வாழ்க்கை வரலாற்று நூலை எழுதினார். இறந்து 26 ஆண்டுகளுக்குப் பிறகு. அந்தப் பெயரிலும் ‘சக்தி’ என்று நம் சொல் ஒன்று. மலாய் படிக்கத் தெரிந்த நம் இளையோர் நூலகத்தில் தேடிப் படிக்கலாம். தமிழில் அவருக்கு ஒரு முழு வரலாறும், கூடவே எல்.கிருஷ்ணனுக்கு ஒன்றும் எழுதப்பட வேண்டும். நம் சங்கங்கள் எடுத்துச் செய்யக்கூடிய வேலைதான்.

கண்ணீர்ப் பாட்டை ரம்லி பதிவு செய்யவில்லை. அவர் மறைந்த பிறகு சலோமா பாடிப் பதிவு செய்தார். 1983இல் சலோமாவும் காலமானார். ஜாலான் அம்பாங்கில் ஒரே மயானத்தில் இருவரின் கல்லறைகளும் உள்ளன.