பேங்க் கிளார்க்காக இருந்த அமெரிக்க அதிபர்

ஹாரி ட்ரூமன் என்றதும் உங்களில் பெரும்பாலோருக்கு ஹிரோஷிமாவும் நாகசாகியும்தான் நினைவுக்கு வரும். வர வேண்டியதும் அதுதான். ஆனால் மிசௌரி மாநிலத்தில் இன்டிபென்டன்ஸ் என்ற அவருடைய ஊரில், அவர் பெயரில் ஒரு நூலகம் இருக்கிறது. வரலாற்று அறிஞர்கள் அங்கே கூடிக் கருத்தரங்கு நடத்துகிறார்கள். சொந்த ஊரில் நடப்பதாயிற்றே, மாலை மரியாதையோடு முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். குண்டு போட்டது சரியா, ஊழல் கோஷ்டியின் தயவில் வளர்ந்தவரா, கடனை அடைத்த கதை எவ்வளவு உண்மை என்று எல்லாவற்றையும் அலசுவதற்கு வேண்டிய காகிதங்கள் அங்கேயே இருக்கின்றன. அவற்றில் பலவற்றைத் தன் கையால் எழுதியவர் ட்ரூமனே.

ஆயுள் முழுக்க லெட்ஜரோடு பழகியவன் நான். அதனால்தான் இந்த மனிதரைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தோன்றியது.

ட்ரூமன் 1884 மே 8-ஆம் தேதி மிசௌரியில் லாமர் என்ற சிற்றூரில் பிறந்தார். ஆறு வயதில் குடும்பம் இன்டிபென்டன்ஸுக்குக் குடிபெயர்ந்தது. கண்ணாடி உடைந்துவிடும் என்று விளையாடப் போகாத பையன். புத்தகமும் பியானோவும்தான் துணை. பள்ளிப் படிப்பு முடிந்த சமயத்தில் அப்பா தானிய வியாபாரத்தில், அதாவது இன்றைக்கு நாம் கமாடிட்டி டிரேடிங் என்கிறோமே அதில், கையில் இருந்ததையெல்லாம் தொலைத்தார். கல்லூரிக் கனவு போயிற்று. கல்லூரிப் பட்டம் இல்லாமல் அதிபரானவர்களில் அவரே கடைசி.

1903-இல் கான்சஸ் சிட்டியில் நேஷனல் பேங்க் ஆஃப் காமர்ஸில் கிளார்க் வேலை. சிற்றூர் வங்கிகளிலிருந்து வரும் செக்குகளைப் பார்க்கும் வேலை. கிளியரிங் செக்ஷனில் இருந்தவர்களுக்குத் தெரியும், சாயங்காலம் கணக்கு டேலி ஆகாமல் வீட்டுக்குப் போக முடியாது. அப்போது அவர் தங்கியிருந்த விடுதியில் ஆர்தர் ஐசன்ஹோவர் என்ற இன்னொரு வங்கிப் பையனும் இருந்தார். அவருடைய தம்பி டுவைட் ஐசன்ஹோவர்தான் பிற்பாடு ட்ரூமனுக்கு அடுத்த அதிபர்!

1906-இல் அப்பா கூப்பிட்டார் என்று வேலையை விட்டுவிட்டு கிராண்ட்வியூ பண்ணைக்குப் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் விவசாயம் பார்த்தார். முதல் உலகப் போரில் பிரான்ஸில் பீரங்கிப் படை கேப்டன். திரும்பி வந்ததும் 1919-இல், சின்ன வயதிலிருந்து மனதில் இருந்த பெஸ் வாலஸைத் திருமணம் செய்துகொண்டார். அதே வருடம் பட்டாளத்து நண்பர் எடி ஜேக்கப்சனோடு கூட்டாக ஆண்களுக்கான ஜவுளிக்கடை. முதல் வருடம் நன்றாக ஓடியது. பிறகு விலைவாசி சரிந்தது. உச்ச விலையில் வாங்கிய சரக்கு அலமாரியிலேயே கிடக்க, 1922-இல் கடையை மூடினார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஜேக்கப்சன் முடிந்தவரை தாக்குப்பிடித்து, 1925-இல் திவால் மனு கொடுத்தார். சட்டப்படி அதில் தவறே இல்லை. ட்ரூமன் கொடுக்கவில்லை. பதினைந்து வருடத்துக்குக் குறையாமல் அந்தக் கடன் அவரைத் துரத்தியது. கடைசி பைசா வரை கட்டினார் என்று பெருமையாகச் சொல்வார்கள். வங்கிக்காரனாக ஒரு அடிக்குறிப்பு சேர்க்கிறேன். கடன் கொடுத்த வங்கிகளில் ஒன்று நொடித்துப்போனபோது, அவருடைய கடன் பத்திரம் முகமதிப்பில் சிறு பகுதிக்கு விற்பனைக்கு வந்தது. தம்பி விவியன் அதை வாங்கினார். நாம் இன்று செட்டில்மென்ட் என்பது இதைத்தான். அதனால் அவர் மதிப்பு குறைந்ததாக நான் நினைக்கவில்லை.

அரசியலுக்கு வந்தது இன்னும் சிக்கலான கதை. கான்சஸ் சிட்டியை அப்போது ஆட்டிவைத்தவர் டாம் பெண்டர்காஸ்ட். ஓட்டு, கான்ட்ராக்ட் எல்லாம் அவர் கையில். அவருடைய ஆதரவோடுதான் 1922-இல் ட்ரூமன் ஜாக்சன் கவுண்டியின் நீதிபதியானார். நீதிபதி என்று பெயரே தவிர, வேலை நம் ஊர் மாவட்டப் பஞ்சாயத்து போன்றது: சாலை, கட்டடம், பட்ஜெட். 1928-இல் சாலை போட 65 லட்சம் டாலர் கடன் பத்திரங்களுக்கு மக்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். ட்ரூமன் குறைந்த டெண்டர் கொடுத்தவருக்கே வேலை என்றார். வெளியூர்க்காரராக இருந்தாலும் சரி. பாஸின் ஆட்கள் கொதித்தார்கள். நம் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்க மூன்று கொட்டேஷன் வாங்கவே எத்தனை கூட்டம் போட்டோம் என்று உங்களுக்கே தெரியும். சாலைகள் நன்றாகவே வந்தன.

ஆனால் முழுக்கத் தப்பிக்க முடியவில்லை. 1930-களின் தொடக்கத்தில் கான்சஸ் சிட்டியின் பிக்விக் ஹோட்டலில் தனியாக அறை எடுத்து, மனதில் இருந்ததையெல்லாம் எழுதி வைத்தார். பெரிய தொகையைக் காப்பாற்றுவதற்காக, பாஸின் ஆள் ஒருவன் கவுண்டி பணத்தில் சுமார் 10,000 டாலரைத் திருட விட்டுவிட்டேன் என்று அதில் இருக்கிறது. செய்தது சரியா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். விடை எழுதவில்லை. அந்தத் தாள்களை அவர் கிழித்துப் போட்டிருக்கலாம். போடவில்லை, இன்று அவை அவர் நூலகத்தில் இருக்கின்றன.

1934-இல் செனட்டர். பெண்டர்காஸ்ட் 1939-இல் வரி ஏய்ப்புக்காகச் சிறை போனார். 1940-இல் கவுண்டியிடம் பட்ட கடனுக்காக கிராண்ட்வியூ பண்ணையே கைவிட்டுப் போனது. அவருடைய தாயார் 87 வயதில் வீடு மாற வேண்டியிருந்தது. மகன் செனட்டர், அவர் தலைமை வகித்த கவுண்டிதான் கடன் கொடுத்தது. இருந்தும் நடவடிக்கை நிற்கவில்லை. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. போர்க்காலத்தில் ராணுவச் செலவில் நடந்த விரயத்தைத் தோண்டியெடுத்த செனட் குழுவுக்குத் தலைமை தாங்கிய பிறகுதான் நாடு அவரைக் கவனித்தது.

துணை அதிபராகி 82-ஆம் நாள், 1945 ஏப்ரல் 12 அன்று ரூஸ்வெல்ட் இறந்தார். அணுகுண்டைப் பற்றிய முழு விவரமும் ட்ரூமனுக்குத் தெரிந்தது அதற்குப் பிறகுதான், ஏப்ரல் 25-இல். நான்கு மாதத்துக்குள் இரண்டு நகரங்கள் அழிந்தன. ஆகஸ்ட் 10 அன்று, தன் உத்தரவு இல்லாமல் இனி ஒரு குண்டும் போடக்கூடாது என்று நிறுத்தினார். ஆனாலும் போட்டது தவறு என்று கடைசிவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. போரைச் சீக்கிரம் முடித்துப் பல உயிர்களைக் காத்தது என்பது அவர் கட்சி. இறந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நினைக்கும்போது என்னால் அந்தக் கணக்கை டேலி செய்ய முடியவில்லை. உங்கள் எண்ணம் வேறாக இருக்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1948-இல் ராணுவத்தில் நிறபேதத்தை ஒழிக்க உத்தரவிட்டார். அந்த வருடத் தேர்தலில் தோற்பார் என்று எல்லோரும் சொல்ல, ஜெயித்தார். நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1951-இல் இந்தியாவில் உணவுப் பஞ்சம் வந்தபோது 20 லட்சம் டன் தானியத்துக்காக 19 கோடி டாலர் கடன் தரும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அவர்தான். கொரியப் போர் இழுத்துக்கொண்டே போக, செல்வாக்கு தரைமட்டமானது.

1953 ஜனவரியில் பதவி முடிந்ததும் ரயிலேறி இன்டிபென்டன்ஸ் வந்தார். வந்த வீடு மாமியார் வீடு! கல்யாணமானதிலிருந்து ஊரில் அவருக்கு அதுதான் முகவரி. மாமியார் காலமான பிறகுதான், மற்ற வாரிசுகளின் பங்கை வாங்கி வீட்டைச் சொந்தமாக்கினார்கள். அதிபருக்கு அப்போது பென்ஷன் கிடையாது. மாதம் 112 டாலர் சொச்சம் ராணுவப் பென்ஷன் மட்டும். அவர் கஷ்டத்தைப் பார்த்துதான் 1958-இல் முன்னாள் அதிபர்களுக்கு ஆண்டுக்கு 25,000 டாலர் பென்ஷன் சட்டம் வந்தது என்பார்கள். ஆனால் சமீப வருடங்களில் வெளியான குடும்பக் கணக்குகளைப் பார்த்த ஓர் ஆய்வாளர், அவர் அவ்வளவு கஷ்டப்படவில்லை, சேமிப்பு தாராளமாகவே இருந்தது என்கிறார். அந்தக் கணக்குகள் கிடைத்ததும் அதே நூலகத்திலிருந்துதான்.

1957-இல் திறந்த அந்த நூலகத்துக்கு ஏறக்குறைய தினமும் போய் உட்கார்ந்தார். வருகிற பள்ளிப் பிள்ளைகளிடம் பேசுவார். முதியோருக்கான மெடிகேர் சட்டத்தில் 1965-இல் ஜான்சன் அங்கேயே வந்து கையெழுத்திட்டு, முதல் அட்டையை ட்ரூமனுக்கும் இரண்டாவதை பெஸ்ஸுக்கும் கொடுத்தார். 1972 டிசம்பர் 26 அன்று 88 வயதில் ட்ரூமன் காலமானார். நூலக முற்றத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

கான்சஸ் சிட்டி பக்கம் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், பக்கத்தில்தான் இன்டிபென்டன்ஸ், ஒரு நாள் போய் வாருங்கள். டெலவேர் தெருவில் 219-ஆம் எண் வீடு. பெஸ் அம்மையார் அதை நாட்டுக்கே எழுதி வைத்துவிட்டார். அவருடைய கோட்டும் தொப்பியும் இன்னமும் அங்கே மாட்டியபடியே இருக்கின்றன.