திருகோணமலைக் கடலில் வலை வீசிய மருத்துவர்: அல்பிரட் அல்கொக்கும் ஒரு சிறுமீனும்

வெள்ளவத்தைக் கடற்கரையில் மாலை நேரம் தண்டவாளத்துக்கு அப்பால் கற்களில் அமர்ந்திருப்பவர்களுக்குத் தெரிவது கடலின் மேற்பரப்பு மட்டும்தான். இலங்கையைச் சுற்றியுள்ள ஆழமற்ற கண்ட மேடை பெரும்பாலான இடங்களில் ஒடுங்கியது. சராசரியாகக் கரையிலிருந்து 20 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் அது முடிந்து, கடற்தரை நூற்றுக்கணக்கான பாகம் கீழே சரிந்துவிடுகிறது. சூரிய ஒளி எட்டாத அந்த நீரில் வாழும் மீன்களுக்கு முதன்முதலாக விரிவான பட்டியல் தயாரித்தவர் ஒரு பிரித்தானிய மருத்துவர். பெயர் அல்பிரட் வில்லியம் அல்கொக்.

அவர் பெயரிட்ட மீன்களில் ஒன்று, விரல் நீளமே உள்ள ஒரு விளக்குமீன். பூமியின் காலநிலையைக் காக்கும் வேலையில் இந்த வகை மீன்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்று விஞ்ஞானிகள் இன்று சொல்கிறார்கள். அல்கொக்கின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பதற்கு அதுவே முதற்காரணம். எங்கள் கடலை யார் அளந்தார்கள், யார் அளக்க முடியாமல் போனது என்ற கேள்வி இரண்டாவது காரணம்.

கோப்பித் தோட்டமும் கூலி சேர்ப்பும்

அல்கொக் 1859 ஜூன் 23இல் பம்பாயில் பிறந்தார். தந்தை கப்பல் கப்டன். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தபோது தந்தைக்குப் பெரும் பண இழப்பு ஏற்பட்டது. 1876இல், 17 வயதில், வயநாட்டுக் கோப்பித் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார். கோப்பிக்கு அது கெட்ட காலம். 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் தென்னிந்தியத் தோட்டங்களுக்கும் பரவியிருந்தது. இலங்கையின் மலைநாட்டில் கோப்பி அழிந்து தேயிலை வந்த கதை நமக்குத் தெரியும். அதே நெருக்கடிக் காலத்தில் அல்கொக்கின் தோட்ட வேலையும் முடிவுக்கு வந்தது.

பின்னர் கல்கத்தாவில் ஒரு தரகு அலுவலகத்தில் வேலை. அதுவும் நிலைக்கவில்லை. 1878 முதல் 1880 வரை புருலியாவில் இருந்துகொண்டு அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களைச் சேர்த்து அனுப்பும் முகவராக இருந்தார். மலையகத் தமிழரின் மூதாதையரைக் கண்டிச்சீமைக்குக் கொண்டுவந்த ஆட்சேர்ப்பு முறைக்கு இது நெருங்கிய உறவு. பிற்காலத்தில் விஞ்ஞானியாகப் புகழ்பெற்றவரின் வாழ்க்கையில் இந்த இரண்டு ஆண்டுகளும் இருக்கின்றன. அவற்றை மறைத்து அவரைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

புருலியாவில் இருந்தபோது நண்பர் ஒருவர் மூலம் உடற்றொழிலியல் பற்றிய ஒரு சிறு பாடநூல் அவர் கைக்கு வந்தது. அது அவரைத் திசை திருப்பியது. டார்ஜிலிங்கில் ஒரு பாடசாலையில் சிறிது காலம் கற்பித்துவிட்டு, 1881இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1885இல் மருத்துவராக வெளியேறி, அதே ஆண்டு இந்திய மருத்துவச் சேவையில் இணைந்து வடமேற்கு எல்லைப் படைப்பிரிவுகளுடன் பணியாற்றினார்.

இன்வெஸ்டிகேட்டர் கப்பல்

1888இல் அவருக்கு வேறொரு பதவி கிடைத்தது. இந்தியக் கடல் அளவைத் துறையின் இன்வெஸ்டிகேட்டர் கப்பலில் மருத்துவரும் இயற்கையியலாளரும் அவரே. 1881இல் பம்பாயில் கட்டப்பட்ட அந்தக் கப்பல், பக்கச் சக்கரங்களால் ஓடும் மர நீராவிக் கப்பல். கடல் வரைபடம் தயாரிப்பதே அதன் முதல் வேலை. துறைமுகம், பாறை, நீரோட்டம் ஆகியவற்றைத் தெரிந்துகொள்வது பேரரசின் வணிகத்துக்கும் கடற்படைக்கும் தேவையாக இருந்தது. அந்த வேலைக்கு இடையில் நேரம் கிடைத்தால் மட்டுமே ஆழத்தில் இழுவலை இறக்கலாம்.

நூற்றுக்கணக்கான பாகம் கம்பி வடத்தை இறக்கி, அடித்தளத்தில் இழுத்து, மறுபடி மேலே கொண்டுவருவதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். வடம் அறுந்தால் அன்றைய உழைப்பு வீண். வங்காள விரிகுடா, அந்தமான் கடல், இலட்சத்தீவுக் கடல், அரபிக்கடல் என்று வேலை நடந்தது. இலங்கையைச் சுற்றியும் வலை இறங்கியது. கொழும்புக்கு அப்பால் 142 முதல் 400 பாகம், திருகோணமலைக்கு அப்பால் 200 முதல் 350 பாகம் என்று அந்தக் கப்பலின் பதிவுகளில் ஆழங்கள் உள்ளன. மீற்றரில் சொன்னால், திருகோணமலையில் வலை ஏறத்தாழ 365 முதல் 640 மீற்றர் ஆழத்துக்குப் போயிருக்கிறது.

மேலே வந்தவை அதுவரை யாரும் விவரிக்காத உயிர்கள்: குருட்டுத் திருக்கை, செந்நிற இறால், உடலோரம் ஒளிப்புள்ளிகள் வரிசையாக அமைந்த கருநிற மீன். அல்கொக் அவற்றை அறுத்துப் பார்த்து, அளந்து, சாராயத்தில் இட்டுக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சில திருக்கை இனங்களின் கருப்பையில் குட்டிகளுக்கு ஊட்டமாகப் பால் போன்ற திரவம் சுரப்பதை ஜேம்ஸ் வூட்-மேசனுடன் சேர்ந்து விவரித்தது அவருடைய முக்கியமான பங்களிப்புகளில் ஒன்று.

1890இல் அவர் வெளியிட்ட விவரிப்புகளில் வங்காள விரிகுடாவில் கிடைத்த ஒரு சிறுமீனும் இருந்தது. ஸ்கோபெலஸ் டெரோட்டஸ் என்று பெயர் வைத்தார். இன்று அதன் பெயர் பெந்தோசீமா டெரோட்டம். அன்றைக்கு அது பட்டியலில் இன்னொரு வரி, அவ்வளவுதான்.

கல்கத்தாவின் போத்தல்கள்

1893இல் அல்கொக் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் பொறுப்பாளரானார். 1895இல் பாமிர் எல்லை ஆணைக்குழுவுடன் இயற்கையியலாளராகச் சென்று திரும்பினார். 1899இல் இந்திய ஆழ்கடல் மீன்களின் விவரணப் பட்டியல் வெளிவந்தது. 1901இல் லண்டன் ரோயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தெரிவானார். கடற்பயண அனுபவங்களைச் சொல்லும் நூல் 1902இல் வந்தது.

கப்பலின் உயிரினங்களைப் படங்களாகக் காட்டும் பெருந்தொகுதியும் அந்தக் காலத்தில் வெளிவந்தது. படங்களை வரைந்தவர்கள் ஏ.சி. சௌத்ரி, எஸ்.சி. மொண்டல் என்ற வங்காள ஓவியர்கள். அவர்களின் பெயர் படத்தட்டின் அடியில் சிற்றெழுத்தில் இருக்கிறது. கப்டன் ஹொஸ்கினின் பெயர் ஒரு மீனின் பெயராகவே நிலைத்துவிட்டது. கம்பி வடத்தை இழுத்த மாலுமிகளுக்கு இரண்டுமே கிடைக்கவில்லை.

அருங்காட்சியகத்தின் போக்குத் தொடர்பாக அரசுடன் முரண்பட்டு 1906இல் பதவி விலகினார். எஞ்சிய பணிக்காலம் லண்டன் வெப்பமண்டல மருத்துவப் பாடசாலையில் கழிந்தது. நோய் பரப்பும் பூச்சிகள், ஒட்டுண்ணிகள் பற்றி மருத்துவர்களுக்குக் கற்பித்தார். 1924இல் ஓய்வுபெற்று, 1933 மார்ச் 24இல் இங்கிலாந்தில் இறந்தார்.

அவர் இறந்த அதே ஆண்டு செப்டெம்பரில், மபாஹிஸ் என்ற எகிப்தியக் கப்பல் அலெக்சாந்திரியாவிலிருந்து இந்து சமுத்திர ஆய்வுக்குப் புறப்பட்டது. தலைமை தாங்கிய சீமூர் செவெல், அல்கொக் வகித்த அதே இன்வெஸ்டிகேட்டர் பதவியைப் பின்னாளில் வகித்தவர். அரபிக்கடலின் நடு ஆழத்தில் ஒட்சிசன் மிகக் குறைந்த ஒரு நீர்ப்படை பரந்திருப்பதை அந்தப் பயணம் விரிவாக அளந்தது. அல்கொக்கின் சிறுமீன் பகல் வேளையில் ஒளிந்திருப்பது அந்த நீருக்குள்தான்.

இரவில் ஏறும் மீன்

இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடிய அமெரிக்கர்களின் ஒலிக்கருவிகள் கடலின் நடுவே ஒரு பொய்த் தரையைக் காட்டின. பகலில் நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்தில் இருந்த அந்தத் தரை, இரவானால் மேலெழுந்தது. அது உயிர்களின் கூட்டம் என்பது போரின் இறுதியில் தெளிவானது. விளக்குமீன், இறால் வகை, கணவாய் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு இரவும் மேலே வந்து உண்டு, விடியமுன் கீழே போகின்றன. உலகின் மிகப்பெரிய அன்றாட இடப்பெயர்வு இதுதான்.

இதில் காபன் எங்கே வருகிறது? மனிதர் வெளியிடும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ கால்பங்கைக் கடல் உள்ளெடுக்கிறது. மேற்பரப்பில் உள்ள நுண்பாசிகள் கரைந்த காபனை உணவாக்குகின்றன. பாசியை நுண்விலங்கு தின்கிறது, நுண்விலங்கை விளக்குமீன் தின்கிறது. வயிறு நிறைந்த மீன் ஆழத்துக்குப் போய் அங்கே மூச்சுவிடுகிறது, அங்கே கழிக்கிறது, அங்கே சாகிறது. மேலே உண்ட காபன் இப்படிக் கீழே இறங்கிவிடுகிறது. போதிய ஆழத்துக்குப் போன காபன் மீண்டும் காற்றில் கலக்கப் பல பத்தாண்டுகள் ஆகும், சில வேளை நூற்றாண்டுகளும் ஆகும்.

மீன்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கடல்நீரைக் குடிக்கும் எலும்பு மீன்கள், அதிலுள்ள மேலதிக கல்சியத்தைக் குடலில் காபனேற்றுத் துணிக்கைகளாக்கி வெளியேற்றுகின்றன. கடலில் உருவாகும் காபனேற்றில் 3 முதல் 15 வீதம் மீன்களுடையது என்று 2009இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மேற்கடல் அடுக்கிலிருந்து கீழிறங்கும் மொத்தக் காபனில் சுமார் 16 வீதம் மீன்களால் நிகழ்வது என்றது 2021இல் வந்த மற்றொரு மதிப்பீடு. இரண்டிலும் பிழை எல்லை பெரியது. ஆனால் ஒதுக்கிவிடக்கூடிய அளவல்ல.

நடுக்கடல் ஆழ மீன்களின் மொத்த எடை 100 கோடி தொன் என்று 1980இல் கணித்தார்கள். 2014இல் ஸ்பானிய ஆய்வுப் பயணம் ஒன்றின் ஒலித்தரவுகள் அது ஏறத்தாழ 1000 கோடி தொன்னாக இருக்கலாம் என்றன. இதில் வடக்கு அரபிக்கடலில் மிகுந்து காணப்படும் இனம் அல்கொக் பெயரிட்ட அதே பெந்தோசீமா டெரோட்டம்.

அடுத்த வலை யாருடையது?

இவ்வளவு மீன் இருக்கிறது என்று தெரிந்தால் பிடிக்கவும் ஆசை வரும். மனிதர் சாப்பிடாவிட்டாலும் மீன் தூளாக்கிப் பண்ணை மீன்களுக்குக் கொடுக்கலாம். ஈரான் ஓமான் வளைகுடாவில் பரீட்சார்த்தமாகப் பிடித்துப் பார்த்திருக்கிறது. அந்த மீன்களை அள்ளினால், அவற்றை உண்டு வாழும் சூரையும் கணவாயும் குறையும். இரவுதோறும் காபன் இறங்கும் வழியும் மெலியும்.

இலங்கைக்கு உரிய கடற்பரப்பு சுமார் 517,000 சதுர கிலோமீற்றர். நிலத்தைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு. நோர்வேயின் நான்சன் ஆய்வுக் கப்பல் 1978க்கும் 1980க்கும் இடையில் இந்தக் கடலின் மீன் வளத்தை அளந்தது. மறுபடி அப்படி ஓர் ஆய்வுக்கு அது வந்தது 2018இல், நாரா நிறுவனத்துடன் சேர்ந்து. இடைப்பட்ட 38 ஆண்டுகளுக்குள் போரின் 26 ஆண்டுகளும் அடங்கும். அந்தக் காலத்தில் வடக்கு, கிழக்குக் கடல் கடற்படையினதும் கடற்புலிகளினதும் களமாக இருந்தது. பாஸ், நேரக் கட்டுப்பாடு, இயந்திர வலுக் கட்டுப்பாடு, உயர் பாதுகாப்பு வலயம் என்று மீனவர்கள் கரையிலேயே நிறுத்தப்பட்டார்கள். போன பலர் திரும்பவில்லை. கடலுக்குப் போகவே விடப்படாத மக்களிடம் கடலைப் பற்றிய அறிவை யார் கேட்டிருப்பார்கள்?

போர் முடிந்தபின் வடக்குக் கடலின் அடித்தளத்தை இந்திய இழுவைப்படகுகள் சுரண்டின. இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. சட்டம் வந்தபோது சேதம் நடந்து முடிந்திருந்தது. ஆழ்கடலுக்கும் இதே வரிசை வராமல் இருக்க வேண்டுமானால், அளப்பதும் விதிப்பதும் முதலில் நடக்க வேண்டும், வலை பிறகு. அந்தப் பேச்சு கொழும்பில் நடக்கும்போது முல்லைத்தீவு, திருகோணமலை, மன்னார் மீனவர் சங்கங்களுக்கும் மேசையில் இடம் இருக்க வேண்டும்.

அல்கொக் தன் மீன்களை இறந்த நிலையில்தான் பார்த்தார். இரவில் அவை செய்யும் வேலையை அறியும் கருவி அவர் காலத்தில் இல்லை. ஆனால் பிடித்த இடத்தையும் ஆழத்தையும் கவனமாக எழுதிவைத்தார். 130 ஆண்டுகளுக்கு முன் திருகோணமலைக்கு அப்பால் எது வாழ்ந்தது என்று இன்று ஒருவர் கேட்டால், எடுத்துப் பார்க்க ஒரு பதிவு இருக்கிறது. போர்க்கால ஆண்டுகளில் அங்கே எது இருந்தது, எது இல்லாமல் போனது என்று கேட்டால், கடலுக்குப் போய்வந்த மூத்த மீனவர்களின் நினைவைத்தான் பெரும்பாலும் நாட வேண்டியிருக்கும். அந்த நினைவையும் இடம், ஆழம், பருவம் குறித்து எழுதிவைக்க அதிக காலம் மிச்சமில்லை.