வாஞ்சிநாதன்

வாஞ்சிநாதன் (1886 – ஜூன் 17, 1911) இந்திய விடுதலைப் போராட்ட காலத்துப் புரட்சியாளர்களுள் ஒருவர் ஆவார். வாஞ்சி ஐயர் என்றும் அறியப்படுகிறார். திருநெல்வேலி மாவட்ட ஆட்சியராக இருந்த இராபர்ட் வில்லியம் ஆஷ் என்பவரை மணியாச்சி தொடருந்துச் சந்திப்பில் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொன்றுவிட்டு, அதே துப்பாக்கியால் தன்னையும் மாய்த்துக் கொண்டார். திருவிதாங்கூர் வனத்துறையில் எளிய பணியில் இருந்த ஓர் இளைஞர், சில மாதங்களுக்குள் சட்டைக்குள் துப்பாக்கியை மறைத்துச் செல்பவராக மாறியது எவ்வாறு என்பது, இவருடைய வாழ்க்கையை ஆராய்வோர் அனைவரும் எழுப்பும் வினாவாகும்.

இளமைக் காலம்

வாஞ்சிநாதன் செங்கோட்டையில் இரகுபதி ஐயர், ருக்மணி அம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார். இயற்பெயர் சங்கரன். செங்கோட்டை அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசின் பகுதியாக இருந்தது. 1956 இல்தான் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. 2019 முதல் இது தென்காசி மாவட்டத்தில் உள்ளது. செங்கோட்டையிலும் திருவனந்தபுரத்திலும் கல்வி கற்ற வாஞ்சிநாதன், பொன்னம்மாள் என்பவரை மணந்தார். பின்னர் புனலூரில் வனத்துறைப் பணியில் சேர்ந்தார்.

அரசியல் பின்னணி

1906 இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்ட இச்சங்கம் ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்துக்குப் பெரும் போட்டியாக விளங்கியது. 1908 மார்ச்சு மாதத்தில் வ. உ. சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டதைத் தொடர்ந்து திருநெல்வேலியில் கலவரம் மூண்டது. காவலர்கள் சுட்டதில் நால்வர் இறந்தனர். அவ்வாண்டு ஜூலையில் வ. உ. சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் இவை குறைக்கப்பட்டன.

இந்நிகழ்வுகளின் போது தூத்துக்குடியில் பொறுப்பில் இருந்தவர் ஆஷ். சுதேசிக் கப்பல் நிறுவனத்தை நசுக்குவதில் அவருக்குப் பங்கு உண்டு என்ற எண்ணம் மக்களிடையே வேரூன்றியிருந்தது. 1910 ஆகஸ்டில் அவர் திருநெல்வேலி ஆட்சியர் பொறுப்பை ஏற்றார்.

அதே ஆண்டில் சீர்காழியை அடுத்த எருக்கூரைச் சேர்ந்த நீலகண்ட பிரம்மச்சாரி தென் மாவட்டங்களில் சுற்றி இளைஞர்களைத் திரட்டி, பாரத மாதா சங்கம் என்னும் இரகசிய அமைப்பை உருவாக்கினார். வாஞ்சிநாதனின் மைத்துனரான சங்கரகிருஷ்ண ஐயர் அதன் முதன்மை உறுப்பினர்களுள் ஒருவர். அவர் வழியாகவே வாஞ்சிநாதன் சங்கத்துக்கு அறிமுகமானார்.

புதுச்சேரியும் துப்பாக்கிப் பயிற்சியும்

1878 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி பிரித்தானிய இந்தியாவில் இந்தியர் எவரும் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருக்க இயலாது. ஐரோப்பியர்களுக்கு இக்கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு இருந்தது. எனவே புரட்சியாளர்கள் துப்பாக்கியைப் பெறுவது, அதைப் பழகுவது, பிறர் அறியாமல் உடன் கொண்டு செல்வது ஆகிய மூன்று இடர்களைக் கடக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் பிரித்தானியச் சட்டம் செல்லாது என்பதால், முதல் இரண்டுக்கும் அந்நகரே வழியாக அமைந்தது.

திருச்சிராப்பள்ளி வரகனேரியைச் சேர்ந்த வ. வே. சு. ஐயர், சட்டம் பயில்வதற்காக 1907 இல் இலண்டன் சென்றவர். அங்கு இந்தியா இல்லத்தில் வி. தா. சாவர்க்கருடன் நெருங்கிப் பழகினார். 1910 மார்ச்சில் சாவர்க்கர் கைதான பின்னர் மாறுவேடத்தில் ஐரோப்பாவிலிருந்து தப்பி, அவ்வாண்டின் பிற்பகுதியில் புதுச்சேரியை அடைந்தார். அங்கு இளைஞர்களுக்கு உடற்பயிற்சியும் குறிபார்த்துச் சுடும் பயிற்சியும் அளித்தார்.

1911 ஜனவரியில் வாஞ்சிநாதன் வனத்துறைப் பணியிலிருந்து மூன்று மாத விடுப்புப் பெற்றுப் புதுச்சேரி சென்றார். அங்கு வ. வே. சு. ஐயரிடம் கைத்துப்பாக்கியைக் கையாளப் பழகினார். ஊருக்கு வெளியே கரடிக்குப்பம் பகுதியில் இப்பயிற்சிகள் நடந்ததாக வ. வே. சு. ஐயரின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அதற்கு முன் படைப்பயிற்சியோ வேட்டைப் பழக்கமோ வாஞ்சிநாதனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

துப்பாக்கியின் தேர்வு

வாஞ்சிநாதன் பயன்படுத்தியது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் வகைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி ஆகும். அமெரிக்கரான ஜான் பிரௌனிங் வடிவமைத்த இவ்வகைத் துப்பாக்கிகளை லீஜ் நகரை அடுத்த எர்சுடால் என்னும் ஊரில் இருந்த தொழிற்சாலை 1900 ஆம் ஆண்டை ஒட்டி உருவாக்கத் தொடங்கியது.

அக்காலத்தில் இந்தியாவில் பிரித்தானிய அதிகாரிகளும் படையினரும் பெரும்பாலும் வைத்திருந்தது ரிவால்வர் எனப்படும் சுழல் துப்பாக்கி. அதில் தோட்டாக்கள் உருளை ஒன்றில் வட்டமாக அமர்ந்திருக்கும். அவ்வுருளை இருபுறமும் புடைத்து நிற்பதால் உடைக்குள் வைத்தால் வெளியே தெரியும். படையினருக்கான சுழல் துப்பாக்கிகள் ஏறக்குறைய ஒரு கிலோ எடை கொண்டவை. பிரௌனிங் துப்பாக்கியில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். இதனால் அது தட்டையாகவும் சிறியதாகவும் இருந்தது. கோட்டுப் பையிலோ இடுப்பு மடிப்பிலோ வைத்தாலும் துருத்திக் கொண்டு தெரியாது. 1900 ஆம் ஆண்டு மாதிரியில் ஏழு தோட்டாக்கள் கொண்ட அடுக்கு இருந்தது. ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டா தானாகவே இடத்துக்கு வந்துவிடும்.

இவ்வியல்புகளால் அப்பத்தாண்டில் உலகின் பல பகுதிகளிலும் அரசியல் கொலைகளில் இவ்வகைத் துப்பாக்கி இடம்பெற்றது. 1904 இல் எல்சிங்கியில் உருசிய ஆளுநர் பொப்ரிக்கோவைச் சுட்ட யூஜென் சௌமான், 1909 அக்டோபரில் கார்பின் தொடருந்து நிலையத்தில் யப்பானிய அரசியல் தலைவர் இத்தோ இரோபுமியைச் சுட்ட கொரியரான ஆன் சுங்குன் ஆகியோர் பயன்படுத்தியது பிரௌனிங் துப்பாக்கியே. சௌமானும் வாஞ்சிநாதனைப் போலவே அதே இடத்தில் தன்னைச் சுட்டுக் கொண்டார்.

இந்தியாவுக்கும் இத்துப்பாக்கிகள் இரகசியமாக வந்து சேர்ந்தன. 1909 இல் சாவர்க்கர் இருபது பிரௌனிங் துப்பாக்கிகளைப் பெட்டியொன்றின் போலி அடித்தட்டில் மறைத்து, சதுர்புஜ் அமீன் என்பவர் மூலம் பம்பாய்க்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்றால் அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று நாசிக் ஆட்சியர் ஜாக்சனை அனந்த கன்கரே சுட்டுக் கொன்றார்.

வெடிகுண்டைவிடத் துப்பாக்கியைப் புரட்சியாளர்கள் நாடியதற்கு வேறொரு காரணமும் கூறலாம். 1908 ஏப்ரல் 30 அன்று முசாபர்பூரில் நீதிபதி கிங்ஸ்போர்டைக் குறிவைத்து வீசப்பட்ட குண்டு, வண்டி மாறியதால் கென்னடி குடும்பத்தைச் சேர்ந்த இரு பெண்களின் உயிரைப் பறித்தது. துப்பாக்கி ஏந்தியவர் தம் இலக்கை நேருக்கு நேர் காண வேண்டும். இலக்கு தவறும் வாய்ப்பு இதனால் குறைந்தது. சுட்டவர் தப்பும் வாய்ப்பும் அதே அளவுக்குக் குறைந்தது.

ஆஷ் கொலை

1911 ஜூன் 17 அன்று காலை ஆஷ் தம் மனைவி மேரியுடன் திருநெல்வேலியிலிருந்து கொடைக்கானலுக்குப் புறப்பட்டார். மணியாச்சி சந்திப்பில், தூத்துக்குடியிலிருந்து சென்னை செல்லும் போட் மெயில் வண்டியின் இணைப்புக்காக அவர்களுடைய முதல் வகுப்புப் பெட்டி காத்திருந்தது. ஏறத்தாழ 10.40 மணி அளவில் வாஞ்சிநாதன் அப்பெட்டியை நெருங்கினார். அவருடன் மாடசாமி என்பவரும் வந்திருந்தார். மறைத்து வைத்திருந்த துப்பாக்கியை எடுத்து மிக அருகிலிருந்து ஆஷின் மார்பில் சுட்டார்.

நடைமேடையில் இருந்தோர் துரத்தவே, வாஞ்சிநாதன் ஓடிச் சென்று கழிவறைக்குள் புகுந்து கொண்டார். சிறிது நேரத்தில், வாய்க்குள் சுட்டுக்கொண்டு இறந்த நிலையில் அவர் காணப்பட்டார். அவருக்கு அப்போது வயது 25. மாடசாமி தப்பிச் சென்றார். கடைசி வரை பிடிபடவில்லை. திருநெல்வேலிக்குக் கொண்டு செல்லப்பட்ட ஆஷ் வழியில் கங்கைகொண்டான் அருகே உயிரிழந்தார். அவரது உடல் பாளையங்கோட்டையில் அடக்கம் செய்யப்பட்டது.

வாஞ்சிநாதனின் சட்டைப் பையில் தமிழில் எழுதப்பட்ட கடிதம் ஒன்று இருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா இலண்டனில் ஜூன் 22 அன்று நடைபெறவிருந்த நிலையில், மன்னர் இந்தியாவில் கால்வைத்தால் கொல்வதற்கு மூவாயிரம் பேர் உறுதி பூண்டிருப்பதாகவும், அதை அறிவிக்கவே தாம் இச்செயலைச் செய்ததாகவும் அதில் தெரிவித்திருந்தார். சமய நோக்கில் அமைந்த கடுஞ்சொற்களும் அக்கடிதத்தில் இடம்பெற்றிருந்தன.

வழக்கு

காவல்துறை நடத்திய தேடுதலில் பாரத மாதா சங்கத்தைச் சேர்ந்த பலர் கைதாயினர். ஒட்டப்பிடாரத்தைச் சேர்ந்த ஆறுமுகம் பிள்ளை அப்ரூவராக மாறியதால் சங்கத்தின் அமைப்பு முழுவதும் வெளிப்பட்டது. தேடப்பட்டவர்களுள் செங்கோட்டை தர்மராஜ ஐயர், வேங்கடேசுவர ஐயர் ஆகிய இருவர் தற்கொலை செய்து கொண்டனர்.

நீலகண்ட பிரம்மச்சாரி உட்படப் பதினால்வர் மீதான சதி வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஆர்னால்டு வைட், நீதிபதிகள் எய்லிங், சங்கரன் நாயர் ஆகியோர் விசாரித்தனர். 1912 பிப்ரவரியில் தீர்ப்பு வெளியானது. ஒன்பது பேர் தண்டனை பெற்றனர். நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு ஆண்டுகளும் சங்கரகிருஷ்ண ஐயருக்கு நான்கு ஆண்டுகளும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

விளைவுகள்

கடிதத்தில் குறிப்பிடப்பட்ட மூவாயிரம் பேர் கொண்ட படை எதுவும் இருக்கவில்லை என்பதை வழக்கு வெளிக்காட்டியது. ஐந்தாம் ஜார்ஜ் 1911 டிசம்பரில் இந்தியா வந்து தில்லி தர்பாரை நடத்தித் திரும்பினார். மறைத்து எடுத்துச் செல்லத்தக்க சிறு துப்பாக்கி, பயிற்சி பெற்ற ஒருவரை ஆட்சியரின் அருகில் கொண்டு சேர்த்தது. ஆனால் அதன் பின்னர் அச்செயலைத் தொடர்வதற்கு அமைப்போ ஆட்களோ எஞ்சவில்லை. புதுச்சேரியில் தங்கியிருந்த சுப்பிரமணிய பாரதியார், வ. வே. சு. ஐயர் உள்ளிட்டோர் மீதான பிரித்தானிய உளவு பல மடங்கு பெருகியது.

பயிற்சி அளித்தவரும் அமைப்பை உருவாக்கியவரும் பிற்காலத்தில் வேறு பாதைகளை மேற்கொண்டனர். வ. வே. சு. ஐயர் காந்தியின் அறவழியை ஏற்றார். இதழியல், இலக்கியம், கல்வி ஆகியவற்றில் ஈடுபட்டு, 1925 ஜூன் 3 அன்று பாபநாசம் அருவியில் மகளைக் காக்க முயன்று உயிர் நீத்தார். நீலகண்ட பிரம்மச்சாரி துறவு பூண்டு, கருநாடகத்தின் நந்தி மலை அடிவாரத்தில் ஓம்கார் சுவாமியாக வாழ்ந்து 1978 இல் மறைந்தார்.

மதிப்பீடு

வாஞ்சிநாதனைத் தேசபக்தர்கள் நாட்டுக்காக உயிர் ஈந்த வீரராகப் போற்றுகின்றனர். கடிதத்தில் வெளிப்படும் சனாதன தருமம் பற்றிய கருத்துகளைச் சுட்டிக்காட்டி, இக்கொலையில் சாதி மேலாண்மை உணர்வும் கலந்திருந்தது என்று திராவிட, தலித் இயக்கங்களைச் சேர்ந்த சிலர் வாதிடுகின்றனர். வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி ஆஷ் பற்றிய ஆவணங்களைத் தேடி ஆராய்ந்து எழுதியுள்ளார்.

நினைவுச் சின்னங்கள்

மணியாச்சி சந்திப்பு தற்போது வாஞ்சி மணியாச்சி என்ற பெயரைத் தாங்கியுள்ளது. செங்கோட்டையில் வாஞ்சிநாதனுக்கு மணிமண்டபம் அமைக்கப்பட்டுள்ளது. ஆஷுக்கு எழுப்பப்பட்ட நினைவு மண்டபம் தூத்துக்குடியில் உள்ளது.