அளந்து அறிந்த அறிஞர்

அறிஞர்களின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அவர்கள் நம்மைப் போன்றவர் அல்லர் என்றே எண்ணியிருந்தேன். டென்மார்க் நாட்டு உடலியல் அறிஞர் ஆகஸ்ட் குரோக்கின் வரலாறு அவ்வெண்ணத்தை மாற்றியது. அவரிடம் என்னைக் கொண்டுசேர்த்தது எங்கள் ஊர்க் குளம்.

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது என் தந்தையார் அக்குளத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கட்லா, ரோகு குஞ்சுகளை விட்டிருந்தார். இரண்டு நாள் மழை மூட்டத்திற்குப் பின் ஒரு விடியற்காலையில் மீன்களெல்லாம் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பொழுது ஏறுவதற்குள் பாதிக்குமேல் செத்து மிதந்தன. யாரோ விஷம் கலந்துவிட்டதாக ஊரார் கூறினர். பக்கத்து வயல்காரர் மேல் சந்தேகம் விழுந்தது. அன்றோடு இரு வீட்டாருக்கும் பேச்சு நின்றது. தண்ணீரைச் சோதித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

குரோக் 1874 நவம்பர் 15 அன்று கிரேனா என்னும் கடற்கரைச் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கப்பல் கட்டும் தொழில் செய்தவர். மருத்துவம் படிக்கச் சென்ற குரோக் விலங்கியலுக்கு மாறினார். 1897 இல் கோபன்ஹேகனில் பேராசிரியர் கிறிஸ்டியன் போரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அணு அறிஞர் நீல்ஸ் போரின் தந்தையே இப்பேராசிரியர்.

நுரையீரல் ஒரு சுரப்பியைப் போல ஆக்ஸிஜனைத் தானே இரத்தத்திற்குள் செலுத்துகிறது என்பது ஆசிரியரின் கொள்கை. குரோக் சிறு காற்றுக்குமிழி ஒன்றைக் கொண்டே இரத்தத்தின் வாயு அழுத்தத்தை அளக்கும் கருவியை அமைத்தார். மருத்துவரான மனைவி மேரியும் அவரும் அளந்து பார்த்தபோது, ஆக்ஸிஜன் வெறும் பரவல் முறையிலேயே இரத்தத்தை அடைவது தெளிவாயிற்று. 1910 இல் முடிவுகளை வெளியிட்டார். ஆசிரியருக்குத் தாம் பட்ட கடனை நன்றியுடன் குறிப்பிட்டார். ஆனால் அளவு காட்டிய உண்மையை மறைக்கவில்லை.

உழைக்கும் தசையில் நுண்குழல்கள் எவ்வாறு திறந்து கூடுதல் இரத்தம் தருகின்றன என்று கண்டதற்காக 1920 இல் நோபல் பரிசு பெற்றார். மேரிக்கு நீரிழிவு இருந்தது. 1922 இல் இருவரும் அமெரிக்கா சென்றபோது, குரோக் கனடாவின் டொராண்டோவில் இன்சுலின் தயாரிக்கும் முறையை அறிந்துவந்து தம் நாட்டில் அதற்கு வழிசெய்தார்.

மீன்களையும் அவர் விடவில்லை. 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் கரையக்கூடிய ஆக்ஸிஜன் சுமார் 5 மில்லிலிட்டர்தான். அதே அளவு காற்றிலோ சுமார் 210 மில்லிலிட்டர். 1919 இல் ஐசபெல்லா லீட்ச் அம்மையாருடன் சேர்ந்து, கெண்டை, விலாங்கு போன்ற மீன்களின் இரத்தம் ஆக்ஸிஜன் குறைந்த நீரிலிருந்தும் அதைப் பற்றிக்கொள்ளும் என்று காட்டினார். நன்னீர் மீன்கள் உடலுக்கு வேண்டிய உப்பைச் செவுள் வழியே நீரிலிருந்து ஈர்க்கின்றன என்று 1937 இல் காட்டினார். மூச்சுக்கும் உப்புக்கும் செவுளே வாசல்!

வளர்ப்பு மீனின் துன்பம் இங்கேதான். இரவில் பாசியும் ஆக்ஸிஜனைச் செலவிடுவதால் விடியலுக்கு முன் அது மிகக் குறைகிறது. மீன் செவுள் மூடியை வேகமாக அடிக்கிறது. மூச்சுக்காகச் செவுளில் இரத்தம் மிகுந்து பாய்ந்தால் உடல் உப்பு கசிகிறது. நெருக்கடி நீடித்தால் மெல்லிய செவுள் தகடுகள் வீங்கிப் பழுதடைகின்றன. குருசியன் கெண்டை மட்டும் விந்தையானது. ஆக்ஸிஜன் குறைந்தால் தகடுகளுக்கிடையே உள்ள செல் திரளைக் குறைத்துச் சுவாசப் பரப்பைச் சுமார் 7 மடங்கு பெருக்கிக்கொள்கிறது என்பதை 2003 இல் நார்வே ஆய்வாளர்கள் வெளியிட்டனர். எங்கள் கட்லாவுக்கு அந்த வசதி ஏது?

சென்ற விடுமுறையில், செய்முறை வகுப்பில் கற்ற விங்க்ளர் முறையில் எங்கள் குளத்து நீரை அளந்தேன். மாலையில் இருந்ததில் கால்பங்குகூட விடியலில் இல்லை. விஷம் இல்லாமலும் மீன் சாகும் என்று தந்தையாரிடம் விளக்கினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். அன்று மாலை பக்கத்து வயல்காரர் வீட்டுத் திண்ணையில் அவரைக் கண்டேன்.

குரோக் 1949 செப்டம்பர் 13 அன்று மறைந்தார். பழி சொல்லுமுன் அளந்து பார் என்பதே அவர் வாழ்வு எனக்குச் சொல்லும் பாடம். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். அப்படிப்பை வீட்டுக்குக் கொண்டுசென்ற நாள் அதுவே.